திருட்டுப் பிரதியில் உங்கள் தியேட்டரின் குறி: எதை, எந்த வரிசையில் பார்ப்பது

விநியோகஸ்தரிடமிருந்து ஒரு மின்னஞ்சல். இணையத்தில் சுற்றும் கேமரா பிரிண்ட் ஒன்றில் உங்கள் தியேட்டரின் குறி கிடைத்திருக்கிறது. இன்ன தேதி, இன்ன நேரம். இரண்டு நாளில் விளக்கம் வேண்டும். இதைப் படித்ததும் பல மேலாளர்கள் செய்கிற முதல் வேலை ஆபரேட்டரைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவது. அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அந்தக் குறி எந்த ஆளையும் காட்டிக்கொடுப்பதில்லை. ஒரு பெட்டியைச் சொல்கிறது, ஒரு கால் மணி நேரத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான். அந்தப் பெட்டி அன்றைக்கு எந்த ஸ்கிரீனில் இருந்தது என்பதை உங்கள் கையிலுள்ள தாள்கள்தான் சொல்ல வேண்டும். நான் பார்த்தவரை சிக்கல் பெரும்பாலும் குறியில் இருப்பதில்லை, தாளில்தான் இருக்கிறது.

குறிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கீழே உள்ள எதுவும் புரியாது. படம் தியேட்டருக்குப் பூட்டிய கோப்புகளாக வருகிறது. பூட்டைத் திறப்பது மீடியா பிளாக்; புரொஜெக்டருக்குள்ளேயோ சர்வருக்குள்ளேயோ இருக்கும் அட்டை. திறந்த கையோடு, திரைக்குப் போகும் முன்பே, கண்ணுக்கும் காதுக்கும் பிடிபடாத சின்னச் சின்ன மாற்றங்களாகப் படத்திலும் ஒலியிலும் அது ஒரு குறியைக் கலந்துவிடுகிறது. ஹாலிவுட் ஸ்டூடியோக்களின் கூட்டமைப்பான டி.சி.ஐ 2005-ல் வெளியிட்ட விவரக்குறிப்பின்படி இந்தக் குறி 35 பிட். அதில் 19 பிட் பெட்டியின், அதாவது அந்த மீடியா பிளாக்கின், அடையாள எண். 5,24,288 எண்களுக்கு இடம் உண்டு. மீதி 16 பிட் நேரம்: 15 நிமிடத்துக்கு ஒரு முத்திரை, நாளுக்கு 96, வருடத்துக்கு 366 நாள் என்று வைத்தால் 35,136 முத்திரைகள். ஒவ்வொரு 5 நிமிடப் பகுதிக்குள்ளும் 35 பிட்டும் முழுதாக வந்துவிட வேண்டும். ஆனால் உறுதியாக அடையாளம் சொல்ல 30 நிமிடப் பிரதி கையில் இருக்க வேண்டும் என்பது கணக்கு.

கவனித்தீர்களா, வருடம் அதில் இல்லை. இருக்கை எண் இல்லை. ஸ்கிரீன் பெயரும் இல்லை.

அறிகுறி: குறி சொல்லும் நேரத்தில் அந்த ஸ்கிரீனில் ஷோவே இல்லை

முதலில் நேர மண்டலத்தைப் பாருங்கள். மீடியா பிளாக்கின் பாதுகாப்புக் கடிகாரம் உள்ளூர் நேரத்தில் ஓடுவதில்லை, யூடிசி என்கிற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. அறிக்கை எழுதியவர் அதை உள்ளூர் நேரத்துக்கு மாற்றி எழுதினாரா, அப்படியே எழுதினாரா என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள். மாற்றாமல் எழுதியிருந்தால் உங்கள் இரவுக் காட்சி மாலையாகவோ மறுநாள் காலையாகவோ தெரியும், தேதியே மாறிப்போகும்.

நேரத்தை மாற்றிப் பார்த்தும் பொருந்தவில்லையா? அடுத்து கடிகாரத்தின் நகர்வு. பாதுகாப்புக் கடிகாரத்தை நீங்கள் இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது. ஒரு வருடத்தில் கூட்டியோ குறைத்தோ 6 நிமிடம் வரைதான் திருத்தலாம் என்று டி.சி.ஐ கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அதனால் சில நிமிடம் முன்பின்னாக ஓடுகிற பெட்டிகள் உண்டு. முத்திரை 15 நிமிடத்துக்கு ஒன்று என்பதால், 4 நிமிடப் பிசகுகூட உங்களைப் பக்கத்துக் கால் மணிக்குத் தள்ளிவிடும். முன்னால் ஒரு முத்திரை, பின்னால் ஒரு முத்திரை விட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

அப்புறம், டிக்கெட்டில் அச்சடித்த நேரத்தோடு ஒப்பிடாதீர்கள். விளம்பரமும் டிரெய்லரும் முடிந்து படம் தொடங்குவது வேறு நேரம். டிரெய்லர்கள் பெரும்பாலும் பூட்டாமல் வருவதால் அவற்றில் குறியே இருக்காது. எது எப்போது ஓடியது என்று பிளாக் தானே குறித்துவைக்கும் பாதுகாப்புப் பதிவில் படம் ஓடத் தொடங்கிய நேரம்தான் உண்மையான தொடக்கம்.

கடைசியாக, பழைய படத்தை மறுபடி திரையிட்டிருந்தால் வருடத்தையும் யோசியுங்கள். போன வருடம் இதே தேதியில், இதே நேரத்தில் ஓடிய காட்சிக்கும் இதே முத்திரைதான்.

அறிகுறி: ஷோ ஓடியது, ஆனால் வேறு படம்

இதுதான் அதிகம் வருவது, அதிகம் சண்டை மூட்டுவதும் இதுதான். "எண் 3-ஆம் ஸ்கிரீனுடையது, ஆனால் அங்கே அன்றைக்கு இந்தப் படமே போடவில்லை" என்று மேலாளர் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. எண் 3-ஆம் ஸ்கிரீனுடையது என்று யார் சொன்னது? எண் மீடியா பிளாக்குடையது. பிளாக் இடம் மாறியிருக்கலாம்.

பிளாக் எப்போதெல்லாம் இடம் மாறுகிறது என்று பாருங்கள். வெள்ளிக்கிழமை காலை ஒரு ஸ்கிரீன் படுத்துவிட்டது; கூட்டம் குறைவான ஸ்கிரீனிலிருந்து பிளாக்கைக் கழற்றி இங்கே போட்டு ஷோவைக் காப்பாற்றினார்கள். அல்லது பிளாக்கின் உள் பேட்டரி தீர்ந்தது. பல மாடல்களில் பேட்டரி போனால் உள்ளே இருக்கும் ரகசியச் சாவியும், அந்த அட்டையின் அடையாளத்தைச் சொல்லும் டிஜிட்டல் சான்றிதழும் சேர்ந்தே அழிந்துவிடும். அட்டை தயாரிப்பாளரிடம் போகும், கடனாக ஒரு மாற்று அட்டை வரும், அந்தக் கடன் அட்டை நேற்றுவரை வேறு ஊர் தியேட்டரில் இருந்திருக்கும். குறியின் தரவுத்தளத்தில் அது இன்னும் அந்த ஊர் பெயரிலேயே இருந்தால் கடிதம் அங்கே போகும். உங்களுக்கு வந்த கடிதமும் அப்படி வந்ததாக இருக்கலாம்.

எனக்கு ஒருமுறை இரண்டு நாள் வீணானது இதனால்தான். ஒரு வளாகத்தில் இரண்டு ஸ்கிரீனின் பிளாக்குகளை ஒரு இரவில் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். ஆபரேட்டருக்கு நினைவிருக்கிறது, தாளில் இல்லை. குற்றம் சாட்டப்பட்ட ஸ்கிரீனின் கேமராப் பதிவுகளை நான் வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டியது பக்கத்து ஸ்கிரீனை.

தாள் இல்லாவிட்டால் என்ன செய்வது? கே.டி.எம் கோப்புகளைத் தேடுங்கள். படத்தைத் திறக்கும் சாவியைச் சுமந்து வருகிற கோப்பு அது. ஒவ்வொரு சாவியும் ஒரு குறிப்பிட்ட பிளாக்கின் சான்றிதழுக்கு மட்டுமே திறக்கும்படி பூட்டப்பட்டிருக்கும். சாவி ரகசியம், ஆனால் கோப்பின் மேற்பகுதி ரகசியமல்ல. சாதாரண எழுத்துக் கோப்பு போலத் திறந்து படிக்கலாம். யாருடைய சான்றிதழுக்கு என்ற பெயர் அங்கே இருக்கும், பெரும்பாலும் வரிசை எண்ணோடு. எப்போதிலிருந்து எப்போது வரை செல்லும் என்பதும் இருக்கும். பிளாக் மாறினால் பழைய கே.டி.எம் வேலை செய்யாது, புதிது கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆகவே, அவசரமாகப் புது கே.டி.எம் கேட்டு நீங்கள் அனுப்பிய அந்த நள்ளிரவு மின்னஞ்சல்தான் இடமாற்றத்துக்குச் சாட்சி. அதை அழிக்காமல் வைத்திருங்கள்.

மூன்றையும் பக்கத்தில் வையுங்கள்: கே.டி.எம்மில் உள்ள பெயர், பிளாக்கின் பாதுகாப்புப் பதிவு, சர்வீஸ் ஆளின் வேலைச் சீட்டு. இதில் இரண்டு ஒத்துப்போனால் போதும், பெட்டி எங்கே இருந்தது என்று சொல்லிவிடலாம்.

அறிகுறி: குறி காட்டுவது அதிகாலை 3 மணி

நேர மண்டலம், கடிகாரம், பிளாக் மூன்றும் சரி, இன்னும் 3 மணிதான் வருகிறது என்றால், சரி, இப்போது கேபினை, அதாவது புரொஜெக்டர் அறையைப் பற்றிப் பேச வேண்டியதுதான்.

பிரதியைப் பாருங்கள். இருக்கையிலிருந்து எடுத்த படத்தில் திரை நேரான செவ்வகமாக இருக்காது. ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் சுருங்கிச் சரிவகமாகத் தெரியும். முன்வரிசைத் தலைகள், இருமல், சிரிப்பு, எழுந்து போகிறவரின் நிழல் எல்லாம் இருக்கும். அதிகாலைப் பிரதியில் திரை நேராக, நடுவிலிருந்து, ஆடாமல் இருக்கும். ஸ்டாண்டில் வைத்துக் கேபின் ஜன்னல் வழியாகவோ காலி அரங்கின் நடுவிலிருந்தோ எடுத்தது. ஒலி சுவரில் மோதித் திரும்பிய எதிரொலி இல்லாமல் நேர்க்கம்பியில் இறக்கியதுபோல் சுத்தமாக இருக்கும்.

இது நடக்கக் காரணம் கே.டி.எம் வெளியீட்டு நாளுக்கு முன்பே செல்லத் தொடங்குவது. கோப்பு சரியாக இறங்கியிருக்கிறதா, சப்டைட்டில் வருகிறதா என்று ஓட்டிப் பார்க்க அந்த இடைவெளி தேவை. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் முழுப்படத்தையும் இரவு ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை, ஒவ்வொரு ரீலிலும் சில நிமிடம் போதும். பாதுகாப்புப் பதிவில் அந்த ஓட்டம் தெரியும்: எப்போது தொடங்கியது, எப்போது நின்றது. இரண்டரை மணி நேரம் நிற்காமல் ஓடிய "சோதனை" இருந்தால், அதை யார் சொல்லி ஓட்டினார்கள் என்று கேளுங்கள். இங்கேயும் பதிவு சொல்வது பெட்டி ஓடியது என்பதைத்தான். கேபின் சாவி அன்றைக்கு யாரிடம் இருந்தது என்பது உங்கள் பதிவேட்டில் இருக்க வேண்டியது.

பதிவை எடுக்கப் போனால் அது காலியாக இருக்கிறதா? ஏறத்தாழ 12 மாதப் பதிவை வைத்திருக்கும்படிதான் பிளாக்குகள் வடிவமைக்கப்படுகின்றன. ஆனால் அந்தப் பதிவு அட்டையோடு இருக்கிறது. அட்டை பழுதுக்குப் போனால் பதிவும் கூடவே போகும். மாதம் ஒருமுறை எடுத்து வெளியே சேமித்து வைப்பது பத்து நிமிட வேலை.

அறிகுறி: ஸ்கிரீனும் நேரமும் பொருந்துகின்றன, எந்த இருக்கை என்று தெரியவில்லை

குறி இதைச் சொல்லாது, ஆனால் பிரதியின் வடிவம் ஓரளவு சொல்லும். திரையின் எந்த விளிம்பு பெரிதாகத் தெரிகிறதோ அந்தப் பக்கமாக ஆள் உட்கார்ந்திருக்கிறார். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதிலிருந்து உயரத்தை, அதாவது வரிசையைக் கணிக்கலாம். வெறுங்கண் கணிப்பில் ஒரு பகுதி வரை சுருக்கலாம், ஒரு இருக்கைக்கு அல்ல. அந்தப் பகுதியின் எல்லா இருக்கையிலும் உட்கார்ந்து அதே கோணத்தில் ஒரு படம் எடுத்து ஒப்பிட்டால் இன்னும் நெருங்கலாம். சலிப்பான வேலைதான், செலவில்லாதது.

ஒலியை வைத்தும் முடியும் என்று 2009-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒவ்வொரு ஸ்பீக்கரின் ஒலியிலும் தனித்தனிக் குறியைச் சேர்த்துவிட்டு, பதிவில் எந்தக் குறி எவ்வளவு தாமதமாக வந்திருக்கிறது என்று கணக்கிட்டால் மைக் இருந்த இடம் கிடைத்துவிடும். சராசரிப் பிழை அரை மீட்டருக்கும் குறைவு. வழக்கமான குறி இதைச் செய்வதில்லை என்பதை மறக்க வேண்டாம்; "ஒலிக்குறியை வைத்து இருக்கையைச் சொல்லுங்கள்" என்று யாராவது கேட்டால், அதற்கென்று தனியாகக் குறியிட்ட ஒலி இருந்தால்தான் முடியும் என்று பதில் சொல்லலாம்.

அறிகுறி: பிரதியில் குறியே கிடைக்கவில்லை

காரணங்கள் பல, எளிதானதிலிருந்து போகலாம். பிரதி சிறிது. ஒரு பாடல், ஒரு சண்டைக் காட்சி என்று 4 நிமிடத் துண்டில் குறியைத் தேடச் சொல்வது நியாயமில்லை. முழுப் பிரதியும் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும். கிடைத்ததும் அதையே அனுப்புங்கள். செயலியில் கைமாறி வந்ததையோ திரையிலிருந்து மறுபடி பதிவு செய்ததையோ அனுப்பாதீர்கள். சுருக்கம், அளவு மாற்றம், ஓரம் வெட்டல் இவற்றைத் தாங்கத்தான் குறி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு சுருக்கத்துக்கும் அது கொஞ்சம் மங்கும். கண்டறியும் மென்பொருளைப் பொதுவாகத் தியேட்டருக்குத் தர மாட்டார்கள். குறியைத் தேடத் தெரிந்தால் அழிக்கவும் தெரிந்துவிடுமே.

குறி போடாமலே ஓடியிருக்கலாம். பூட்டாமல் வந்த கோப்புக்குக் குறி கிடையாது. மடிக்கணினியிலிருந்து எச்.டி.எம்.ஐ கம்பியில் நேராகப் புரொஜெக்டருக்குள் விட்ட சிறப்புத் திரையிடலுக்கும் கிடையாது. படம் மீடியா பிளாக்கின் பூட்டு வழியாகப் போகவே இல்லையே. விழாத் திரையிடல், நடிகர்கள் வந்த முன்னோட்டக் காட்சி போன்றவை இப்படித்தான் கைவிட்டுப் போகின்றன. இன்னொன்று கே.டி.எம்மிலேயே இருக்கிறது: படக்குறியை அணைக்க ஒரு கட்டளை, ஒலிக்குறியை அணைக்க ஒரு கட்டளை போட முடியும். அதுவும் அந்தத் திறந்த மேற்பகுதியில்தான், ஃபொரன்ஸிக் மார்க் ஃபிளாக் லிஸ்ட் என்ற தலைப்பின் கீழ் இருக்கும். அதைப் போடுவது சாவி தயாரிப்பவர், தியேட்டர் அல்ல. உங்கள் கே.டி.எம்மில் அது இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். கேள்வி திரும்பிப் போகும்.

அல்லது அது தியேட்டர் பிரதியே அல்ல. தலை இல்லை, சரிவு இல்லை, ஒலி சுத்தம், ஓரத்தில் நேரக் கணக்கு ஓடுகிறது என்றால் எடிட்டிங் அறையிலிருந்தோ விருதுக்குழுவுக்கு அனுப்பிய பிரதியிலிருந்தோ கசிந்தது. அந்தப் பிரதிகளிலும் தனிக்குறி உண்டு. 2004-ல் ஆஸ்கர் வாக்காளர் ஒருவருக்கு அனுப்பிய ஒளிநாடாக்கள் இணையத்துக்கு வந்ததும், குறியைப் பிடித்துப் போய் அவரை அகாடமியிலிருந்தே நீக்கினார்கள். அந்த நாடாக்கள் ஒவ்வொன்றும் ஒரே ஆளுக்குப் போனவை. தியேட்டர் குறிக்கு அந்த வசதி கிடையாது, ஒரு பெட்டிக்கு முன்னால் முந்நூறு பேர்.

அறிகுறி: படக்குறி ஒரு தியேட்டர், ஒலிக்குறி வேறு தியேட்டர்

இரண்டும் சரியாக இருக்கலாம். படத்தை ஒருவர் எடுக்கிறார், ஒலியை வேறு ஊரில் இன்னொருவர் இறக்குகிறார், மூன்றாம் ஆள் ஒட்டுகிறார். கேட்கும் திறன் குறைந்தவர்களுக்காகக் கொடுக்கும் ஹெட்ஃபோனிலிருந்தோ, திறந்தவெளித் திரையரங்குகளின் எஃப்.எம் ஒலிபரப்பிலிருந்தோ ஒலியை எடுத்தால் கூட்டச் சத்தம் இருக்காது. ஒலிக்குறி உங்களைக் காட்டினால் இருக்கைகளைத் தேடுவதற்கு முன் எத்தனை ஹெட்ஃபோன் கொடுத்தீர்கள், எத்தனை திரும்பின என்று பாருங்கள். பாதிப் படம் ஒரு தியேட்டர், மீதி வேறு தியேட்டர் என்று வந்தாலும் இதே கதைதான். ஒவ்வொரு பகுதியையும் தனி வழக்காகப் பாருங்கள்.

அறிகுறி: படத்தில் புள்ளி தெரிகிறது என்று ரசிகர்கள் புகார்

ஃபிலிம் காலத்தில் இது நியாயமான புகார். 1982-ல் கோடாக் கொண்டுவந்த கேப் கோட் ஒவ்வொரு பிரிண்டிலும் சின்னப் புள்ளிக் கூட்டங்களைப் பதித்தது. பின்னால் வந்த பெரிய பழுப்புப் புள்ளிகள் வெளிறிய வானத்தில் பளிச்சென்று தெரிந்து எல்லோரையும் எரிச்சல்படுத்தின. டிஜிட்டல் குறி அப்படித் தெரியக் கூடாது. சோதனை எளிது: பூட்டாத ஒரு டிரெய்லரை ஓட்டுங்கள், அதில் குறி இல்லை. புள்ளி அதிலும் அதே இடத்தில் இருந்தால் புரொஜெக்டரின் சிப்பில் செத்துப்போன கண்ணாடியோ, லென்ஸ் தூசியோ, திரை அழுக்கோ.

அறிகுறி: கேமரா கண்டறியும் கருவி எதற்கெடுத்தாலும் கத்துகிறது

இந்தக் கருவிகளின் தத்துவம் இருட்டில் பூனைக்கண் மின்னுவதுதான். அகச்சிவப்பு ஒளியை அரங்கின் மேல் வீசினால், லென்ஸும் அதற்குப் பின்னால் இருக்கும் உணரியும் சேர்ந்து ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். 2006-ல் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் இதே அடிப்படையில் ஒரு மாதிரியைச் செய்து காட்டினார்கள்.

சிக்கல் என்னவென்றால் அரங்கில் திருப்பி அனுப்பும் பொருள் ஏராளம்: காலணியின் ஒளிப்பட்டை, வெளியேறும் வழிப் பலகை, நீங்களே மாட்டிய கண்காணிப்புக் கேமரா. காலி அரங்கை ஒருமுறை வருடி, மின்னுகிற நிலையான புள்ளிகளை எல்லாம் விலக்குப் பட்டியலில் போடுங்கள். மூக்குக்கண்ணாடி, தலை அசைந்தால் மின்னுவதை நிறுத்திவிடும். லென்ஸ் சற்றுக் கோணம் மாறினாலும் மின்னிக்கொண்டே இருக்கும். எச்சரிக்கை எழுப்ப வேண்டிய நேரத்தை சில நொடியிலிருந்து ஒரு நிமிடமாக நீட்டினால் பாதிச் சத்தம் அடங்கும். படம் திருடுகிறவர் ஒரு நிமிடத்தில் கிளம்பப் போவதில்லை. எதிர்த்திசைப் பிழையும் உண்டு: கைபேசி லென்ஸ் மிகச் சிறிது, திரும்பும் ஒளியும் குறைவு. கருவி அமைதியாக இருந்தால் கேமரா இல்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அறிகுறி: திரைக்குப் பின்னால் அகச்சிவப்பு விளக்கு வைத்தும் பிரதி சுத்தமாக வருகிறது

பின்னால் இருக்கும் ஸ்பீக்கரின் ஒலி வெளியே வர, திரையில் பொடித் துளைகள் இருக்கும். அதே துளை வழியாக 870 நானோமீட்டர் ஒளியை அனுப்பி, கண்ணுக்குத் தெரியாமல் கேமராவை மட்டும் கூசவைக்கும் முறையை 2009-ல் ஜப்பானின் தேசிய தகவலியல் நிறுவனமும் ஷார்ப்பும் சேர்ந்து காட்டின. அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டியைக் கேமரா முன்னால் வைத்தால் விளைவு போய்விடும். கைபேசிகளின் பின்பக்கக் கேமராவில் அது பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது. விளக்கு எரிகிறதா என்றாவது பார்க்க, வடிகட்டி பலவீனமான பழைய கேமரா ஒன்றைத் திரைக்கு நேரே பிடியுங்கள். அதிலும் ஒன்றும் தெரியாவிட்டால் மின்சாரத்தைப் பாருங்கள்; அதில் மட்டும் பளிச்சென்று தெரிந்தால் விளக்கில் பழுது இல்லை, முறையின் எல்லை அவ்வளவுதான்.

புது விளக்கு போட்ட பிறகு 3டி கண்ணாடிகள் தடுமாறினாலோ ஹெட்ஃபோனில் இரைச்சல் வந்தாலோ காரணத்தை வெளியே தேட வேண்டாம். அவற்றில் பல அகச்சிவப்பு சமிக்ஞையில்தான் வேலை செய்கின்றன. விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

இனி அந்த மின்னஞ்சலுக்குப் பதில். பிளாக்கின் வரிசை எண், அது அன்றைக்கு இருந்த ஸ்கிரீன், யூடிசியிலும் உள்ளூர் நேரத்திலும் காட்சித் தொடக்கம், பாதுகாப்புப் பதிவின் அந்த நாள் பகுதி திருத்தாமல் அப்படியே, கே.டி.எம் கோப்பு. ஆபரேட்டரின் பெயரைக் கேட்டால் அன்றைய பணிப்பட்டியலைக் கொடுங்கள், சந்தேகத்தைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். அனுப்பி முடித்ததும் கேபினுக்குப் போய் எல்லா ஸ்கிரீன் பிளாக்குகளின் எண்ணையும் தேதி போட்டு எழுதி, சர்வர் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள்.